பழைய காதல் சஸ்பென்ஸ் நாவல்கள்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலோரப் பாறைமீது நிற்கும் ஒரு பழைய மாளிகை, அங்கே வேலைக்கு அமர்ந்தோ வாழ்க்கைப்பட்டோ புதிதாக வந்து சேரும் ஓர் இளம்பெண், தன்மேல் உண்மையாகவே அன்பு வைத்திருக்கிறானா எதையோ மறைக்கிறானா என்று அவளால் நிச்சயிக்க முடியாத ஓர் ஆண். இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்து, 1930களின் இறுதியிலிருந்து 1970கள் வரை ஆங்கிலத்தில் ஏராளமான நாவல்கள் எழுதப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி இன்றும் மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. மீதி பழைய புத்தகக் கடைகளின் அடுக்குகளில் மங்கிய அட்டையோடு கிடக்கிறது. படிக்கும் ஆசை இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காகவும், ஒன்றைப் பாதிவரை படித்துவிட்டு "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று மூடிவைத்தவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

மூடிவைத்தவர்களில் பெரும்பாலோர் இவற்றைத் துப்பறியும் நாவல்களாக எண்ணிப் படித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. துப்பறியும் நாவலில் கொலை செய்தது யார் என்பதுதான் கேள்வி. அதை விசாரிப்பவர் பெரும்பாலும் வெளியாள். தடயங்களைக் கோத்து, கூடியிருப்பவர்கள் முன் விடையைச் சொல்லிவிட்டு அவர் தம் வழியே போய்விடலாம். காதல் சஸ்பென்ஸ் நாவலின் நாயகிக்கு அந்த வசதி கிடையாது. யாரை நம்புவது என்பதே அவள் முன்னுள்ள கேள்வி. தப்பான ஆளை நம்பினால் உயிருக்கு ஆபத்து, நல்லவனைச் சந்தேகித்துவிட்டால் கிடைத்திருக்கக்கூடிய வாழ்வு கைநழுவிப் போகும் என்ற இக்கட்டில், போதுமான சான்று கையில் இல்லாத நேரத்தில் அவள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. கதையிலிருந்து காதலை எடுத்துவிட்டால் பயமும் கூடவே போய்விடுகிறதா என்று பாருங்கள். போய்விடுகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது இந்த வகை நாவல்தான். கொலைக்கதை ஒன்றின் ஓரத்தில் ஒட்டவைத்த காதல் என்றால் அது வேறு.

எங்கிருந்து வந்தது: சுருக்கமாக

வரலாறு தெரியாமலும் இவற்றை ரசிக்கலாம். ஆனாலும் எந்தப் புத்தகம் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது எளிது. வேர், பழங்கோட்டைகளில் நடக்கும் மர்மமும் அச்சமும் கலந்த கதைகளான கோதிக் நாவல்களில் இருக்கிறது. ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ' அதன் தொடக்கம் என்பார்கள். ஆன் ராட்கிளிஃப்பின் 'தி மிஸ்டரீஸ் ஆஃப் உடால்ஃபோ' 1794இல் வந்தது. கோட்டையில் அடைபட்ட பெண்ணை, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியையாக மாற்றி, அவளுக்குக் கூர்மையான ஒரு குரலையும் கொடுத்தது 1847இல் வெளியான சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்'. நாம் பேசும் நாவல்களில் பாதிக்கு மேல் அதன் பேத்திகள் என்று சொன்னால் மிகையாகாது.

இருபதாம் நூற்றாண்டில் டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' (1938) இந்த வடிவத்தை மீண்டும் உயிர்ப்பித்தது. 1955இல் 'மேடம், வில் யூ டாக்?' என்ற முதல் நாவலோடு வந்த மேரி ஸ்டூவர்ட், இருண்ட மாளிகையிலிருந்து கதையை வெளியே கொண்டுவந்து வெயில் காயும் பிரான்சிலும் கிரேக்கத் தீவுகளிலும் நடமாடவிட்டார். 1960இல் விக்டோரியா ஹோல்ட் என்ற பெயரில் 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்' வெளியாகி, மாளிகைக் கதைகளுக்குப் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. அமெரிக்கப் பேப்பர்பேக் பதிப்பகங்கள் அந்த அலையைப் பிடித்துக்கொண்டு 1960கள் முழுவதும் 'கோதிக்' என்ற முத்திரையோடு வரிசை வரிசையாகப் புத்தகங்களை இறக்கின. 1972இல் வந்த 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' போன்ற, படுக்கையறைக் கதவைத் திறந்தே வைத்திருந்த வரலாற்றுக் காதல் நாவல்கள் பிரபலமானதும் வாசகர்களில் பெரும் பகுதி அந்தப் பக்கம் நகர்ந்தது.

ஆகவே உங்களுக்கு முன்னால் இரண்டு கிளைகள் உள்ளன. ஒன்று மாளிகைக் கிளை: பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைக்களம், குடும்ப ரகசியம், பூட்டிய அறை, இறந்துபோன முதல் மனைவி. மற்றொன்று பயணக் கிளை: எழுதப்பட்ட காலத்திலேயே நடக்கும் கதை, அந்நிய நாடு, கார், மலைப்பாதை, தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்ட ஒரு குற்றம்.

முதல் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தல்

பலரும் 'ரெபெக்கா'வையே முதலில் கையில் கொடுப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. அது இந்த வகையின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது இந்த வகையின் வழக்கங்களைப் பலமுறை மீறுகிறது, அதன் மீறல்களின் முழுச் சுவையும் வழக்கங்கள் தெரிந்த பிறகே நாக்கில் நிற்கும். மூன்றாவதோ நான்காவதோ புத்தகமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதற்கு நான் சொல்வது மேரி ஸ்டூவர்ட்டின் 'நைன் கோச்சஸ் வெயிட்டிங்' (1958). பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள ஒரு பெரிய மாளிகைக்கு, பெற்றோரை இழந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஆசிரியையாக லிண்டா மார்ட்டின் வருகிறாள். சிறுவன்தான் அந்தச் சொத்துக்கும் பட்டத்துக்கும் உரியவன். அவன் வளரும்வரை நிர்வகிப்பவர் சக்கர நாற்காலியில் இருக்கும் அவனுடைய சித்தப்பா. இதுவரை கேட்டாலே என்ன நடக்கப்போகிறது என்று ஊகித்துவிடலாம் என்று தோன்றும். ஸ்டூவர்ட் அந்த ஊகத்தை மறைக்க முயல்வதே இல்லை. அவர் செய்யும் வேலை வேறு. வேலைக்கு ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெண்தான் வேண்டும் என்று தெரிந்து, பாரிசில் வளர்ந்த லிண்டா தனக்குப் பிரெஞ்சு சரளமாகத் தெரியும் என்பதை மறைத்துவிடுகிறாள். இந்தச் சின்னப் பொய் முதல் அத்தியாயங்களிலேயே விழுந்துவிடுகிறது. அதன் பிறகு அவள் காதுபட யார் பிரெஞ்சில் பேசினாலும், புரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் அவளோடு நாமும் நிற்க வேண்டியிருக்கிறது. சாதாரண உரையாடல்கூட ஒட்டுக்கேட்பதாக மாறிவிடுகிறது. பிறரைச் சந்தேகிக்க வேண்டியவளே பொய் சொல்லி நுழைந்தவள் என்பது கதைக்கு இன்னொரு முடிச்சு. மாளிகைக் கிளை, பயணக் கிளை இரண்டின் இயல்பும் ஒரே புத்தகத்தில் கிடைப்பதால் உங்கள் விருப்பம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு நிதானம் வேண்டாம், முதல் பக்கத்திலேயே ஏதாவது நடக்க வேண்டும் என்பவர்களுக்கு அவரே எழுதிய 'மை பிரதர் மைக்கேல்' பொருந்தும். ஏதென்ஸ் நகரத்துச் சிற்றுண்டிக் கடையில் தனியாக உட்கார்ந்து, தனக்கு எதுவுமே நடப்பதில்லை என்று தோழிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், முன்பின் தெரியாத ஒருவன் வந்து கார்ச் சாவியை நீட்டி, டெல்ஃபியில் இருக்கும் ஒருவருக்கு வண்டி அவசரமாகப் போய்ச் சேர வேண்டும் என்கிறான். அவள் ஓட்டிக்கொண்டு போகிறாள். இந்த வகை நாவலில் நாயகி எடுக்கும் முதல் அசட்டுத் துணிச்சலை நாமும் சேர்ந்து விரும்ப வேண்டும். அது இங்கே நன்றாகவே நடக்கிறது.

ஆங்கில நடையில் சிரமம் இருக்குமோ என்று தயங்குபவர்கள் விக்டோரியா ஹோல்ட்டிடம் போகலாம். அவருடைய வாக்கியங்கள் எளியவை, கதை நேர்க்கோட்டில் போகும், 'மிஸ்ட்ரஸ் ஆஃப் மெல்லின்' இரண்டு மூன்று மாலைகளில் முடிந்துவிடும். ராட்கிளிஃப்பிடமிருந்து காலவரிசைப்படி வருகிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். 'உடால்ஃபோ' மிக நீண்டது, கோட்டைக்குள் போய்ச் சேர்வதற்கே வெகுநேரம் ஆகும். இந்த வகை உங்களுக்கு நன்கு பிடித்துப்போன பிறகு அது ஒரு விருந்து, அதற்கு முன் அது ஒரு தண்டனை.

புத்தகத்தைத் தேடிப் பிடித்தல்

டு மோரியே, ஸ்டூவர்ட், ஹோல்ட் மூவரின் முக்கிய நாவல்களும் புதிய பதிப்பாகவும் மின்னூலாகவும் கிடைக்கின்றன. மற்றவர்களுக்குப் பழைய பேப்பர்பேக்குகளே கதி. அவற்றை வாங்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

அட்டைப்படத்தை நம்பாதீர்கள். இரவு, பின்னணியில் ஒரே ஒரு சன்னலில் மட்டும் விளக்கெரியும் மாளிகை, முன்னால் மெல்லிய கவுனோடு தலைமுடி பறக்க ஓடும் பெண். 1960களில் இந்தப் படம் விற்றது என்பதால் பதிப்பகங்கள் எல்லாவற்றுக்கும் இதையே போட்டன. உள்ளே மாளிகையே இல்லாத கதைகளும் இந்த அட்டையோடு வந்தன. இந்த அட்டைகளுக்காகவே புத்தகம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது தனி இன்பம். படிப்பதற்கு வாங்குபவர் முதல் இரண்டு பக்கங்களை நின்றபடியே படித்துப் பார்த்துவிட வேண்டும். கதைசொல்லியின் குரல் அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் முந்நூறு பக்கம் அவளோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

அடுத்து, பெயர்க் குழப்பம். விக்டோரியா ஹோல்ட் என்பது எலினோர் ஹிப்பர்ட்டின் புனைபெயர். ஜீன் பிளெய்டி என்ற பெயரில் அரச குடும்ப வரலாற்று நாவல்களையும் ஃபிலிப்பா கார் என்ற பெயரில் வேறொரு தொடரையும் எழுதியவர் அவரே. ஹோல்ட் பிடித்துப்போய் பிளெய்டியை வாங்கினால் கிடைப்பது வேறு வகைப் புத்தகம். பார்பரா மைக்கேல்ஸும் எலிசபெத் பீட்டர்ஸும் எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்ற பார்பரா மெர்ட்ஸ் என்ற ஒரே ஆள். ஆவி, பழைய வீடு என்றால் முதல் பெயர், அகழாய்வு, நகைச்சுவை என்றால் இரண்டாவது பெயர். மேடலின் பிரென்ட் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவரோ 'மாடஸ்டி பிளெய்ஸ்' சித்திரக்கதையை உருவாக்கிய பீட்டர் ஓ'டானல்.

தலைப்புகளும் மாறும். எம். எம். கேயின் 'டெத் வாக்ட் இன் காஷ்மீர்' (1953) பின்னாளில் 'டெத் இன் காஷ்மீர்' ஆனது, அதையாவது கண்டுபிடித்துவிடலாம். 'தி ஹவுஸ் ஆஃப் ஷேட்' (1959) என்பதுதான் 'டெத் இன் சான்சிபார்' என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பதிப்புரிமைப் பக்கத்தில் பழைய தலைப்பு பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும், பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். பல நாவல்களைச் சுருக்கி ஒரே கட்டுக்குள் தரும் தொகுப்புகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் முதலில் வெட்டப்படுவது இட வருணனை; இந்த வகையில் கதைக்கு அடித்தளமே அதுதான்.

ஐம்பது அறுபது ஆண்டுப் பழைய பேப்பர்பேக்கின் பசை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். முதுகை மடக்கிப் பிடித்துப் படிக்காதீர்கள். கடைசித் தாள்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், ஆனால் படித்துவிடாதீர்கள். பின்னட்டைக் குறிப்பையும், மறுபதிப்புகளில் அறிஞர்கள் எழுதும் முன்னுரையையும் கதையை முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லிவிடுவதில் முன்னுரை எழுதுபவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருப்பதில்லை. திரைப்படத்தையும் தள்ளிவையுங்கள். ஸ்டூவர்ட்டின் 'தி மூன்-ஸ்பின்னர்ஸ்' நாவலை டிஸ்னி நிறுவனம் 1964இல் சிறுவர் படமாக்கியபோது கதை பெரிதும் மாறிப்போனது. ஹிட்ச்காக்கின் 1940ஆம் ஆண்டு 'ரெபெக்கா'வில் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளுக்காக முக்கியமான ஓர் உண்மையே மாற்றப்பட்டது. எது என்பதை நாவலைப் படித்த பின் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

படிக்கும் முறை

முதல் ஐம்பது பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். இன்றைய த்ரில்லர்களுக்குப் பழகியவர்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். ரயில் பயணம், மழை, வீட்டை முதன்முதலாகப் பார்க்கும் காட்சி, எந்த அறை எந்தப் பக்கம் திறக்கிறது, தோட்டத்தைத் தாண்டினால் எது வரும் என்று கதை மெல்ல நகரும். அத்தனையும் பிற்பாடு தேவைப்படும். நள்ளிரவில் விளக்கில்லாமல் அவள் ஓட வேண்டிய வழியைத்தான் ஆசிரியர் பகல் வெளிச்சத்தில் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு தாளில் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தோராயமாக வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி, பின்கட்டுக் கதவு, பாலம், மலைச்சரிவு, கடலுக்கு இறங்கும் படிகள் ஆகியவை இருந்தால் போதும். குறிப்பாக ஸ்டூவர்ட்டின் துரத்தல் காட்சிகளை வரைபடத்தோடு படித்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுக்கு எத்தனை வழிகள் மிச்சம் இருக்கின்றன என்பது கண்முன்னே தெரியும்.

பெரிய அபாயங்களுக்காகக் காத்திருக்காமல் சின்னப் பொருள்களைக் கவனியுங்கள். 'ரெபெக்கா'விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இதனால் கதை கெட்டுவிடாது. கடைசிவரை பெயர் சொல்லப்படாத கதைசொல்லி, செல்வந்தர் ஒருவரின் இரண்டாம் மனைவியாக மாண்டர்லி மாளிகைக்கு வருகிறாள். முதல் மனைவி பயன்படுத்திய அறையில் புத்தகங்களை அடுக்கும்போது விலைமதிப்புள்ள ஒரு சிறிய பீங்கான் பொம்மை விழுந்து உடைகிறது. அந்த வீட்டின் எசமானி அவள்தான். மணியடித்து வேலையாளை அழைத்து, உடைந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அவளோ துண்டுகளைப் பொறுக்கி மேசை இழுப்பறையின் உட்பக்கத்தில் ஒளித்துவைக்கிறாள். பிறகு பொம்மையைக் காணவில்லை என்று ஒரு வேலைக்காரப் பையன்மேல் பழி விழுகிறது. அவள் கணவனிடம் உண்மையைச் சொல்ல, வீட்டு நிர்வாகியான திருமதி டான்வர்ஸ் முன்னிலையில் குற்றவாளிபோல் நிற்க நேர்கிறது. கத்தியும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாருக்கு அதிகாரம் உண்டு, அவள் தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பயந்தால் அவள் எப்படி நடந்துகொள்வாள் என்பதெல்லாம் அங்கேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னால் வரும் பெரிய மௌனங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த இழுப்பறைதான் முன்னோட்டம். இப்படி ஓர் இடத்தை அடையாளம் காணப் பழகிவிட்டால், சஸ்பென்ஸ் என்பது கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பது புரியும்.

அடுத்தது ஆண்களைக் கவனிப்பது. இந்த நாவல்கள் பலவற்றில் நாயகியின் அருகே இரண்டு ஆண்கள் இருப்பார்கள்: ஒருவன் கடுகடுப்பானவன், கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவன், மற்றவன் இனிமையானவன், எப்போதும் உதவிக்கு வருபவன். இரண்டு மூன்று நாவல்கள் படித்ததும், இனிமையானவனே வில்லன் என்ற சூத்திரம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அந்தச் சூத்திரம் வாசகர்களுக்குத் தெரியும் என்பது நல்ல ஆசிரியர்களுக்கும் தெரியும். ஆகவே குணத்தை வைத்து ஊகிப்பதை விட்டுவிட்டுச் செய்கையைப் பாருங்கள். அவன் எந்த நேரத்தில் எங்கே இருந்ததாகச் சொல்கிறான், அதை வேறு யாராவது பார்த்தார்களா? நாயகிக்கு ஒரு செய்தி தெரியாமல் இருப்பதால் அவனுக்கு என்ன ஆதாயம்? குழந்தைகள், விலங்குகள், வேலையாட்கள் முன் அவன் எப்படி நடந்துகொள்கிறான்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இந்த ஆசிரியர்கள் அதற்கு நிறைய எடை கொடுத்திருக்கிறார்கள். ஸ்டூவர்ட்டின் கோர்ஃபு தீவுக் கதையான 'திஸ் ரஃப் மேஜிக்'கில் (1964) கடலில் விளையாடும் டால்ஃபினை நோக்கி யாரோ சுடுகிறார்கள். சுட்டது யாராக இருக்கும் என்ற எண்ணமே அங்குள்ளவர்களை நாம் எடைபோடும் தராசாகிவிடுகிறது.

கதை பெரும்பாலும் தன்மையில், நடந்து முடிந்ததை நினைவுகூர்வதாகச் சொல்லப்படும். "அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால்" என்ற பெருமூச்சு இந்த வகையில் அடிக்கடி வரும். மேரி ராபர்ட்ஸ் ரைன்ஹார்ட்டின் 'தி சர்க்குலர் ஸ்டேர்கேஸ்' (1908) காலத்திலிருந்தே இந்த உத்தி கேலிக்கு ஆளானதுதான். அதைப் பார்த்துச் சிரியுங்கள், தவறில்லை. ஆனால் சொல்பவள் உயிரோடு இருக்கிறாள் என்பது முதல் வரியிலேயே தெரிந்தும் நமக்குப் பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவள் பிழைப்பாள் என்று தெரியும், யாரோடு பிழைப்பாள் என்பது தெரியாது. 'ரெபெக்கா' ஒருபடி மேலே போய், மாண்டர்லி இனி இல்லை என்பதையும் அந்தத் தம்பதி ஊர்விட்டு ஊர் ஓட்டல்களில் வாழ்கிறார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு நம்மை நானூறு பக்கம் உட்காரவைக்கிறது.

அத்தியாயத் தலைப்பில் உள்ள மேற்கோள்களைத் தாண்டிப் போகாதீர்கள். 'திஸ் ரஃப் மேஜிக்'கின் அத்தியாயங்கள் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' வரிகளோடு தொடங்குகின்றன. அந்த நாடகத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் முன்கூட்டித் தெரிந்துகொண்டால் ஆசிரியர் நம்மோடு ஆடும் இன்னொரு விளையாட்டும் கிடைக்கும்.

ஒரு நாவலை மூன்று நான்கு அமர்வுகளில் முடிப்பது நல்லது. ஒரே மூச்சில் படித்தால் இடத்தின் மணம் ஏறாது. மாதக்கணக்கில் இழுத்தால் யார் எங்கே இருந்தார்கள் என்பது மறந்துபோகும். நிறுத்தும்போது அத்தியாய முடிவில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள். அத்தியாயத்தின் கடைசி வரி உங்களை அடுத்ததற்கு இழுக்கவே எழுதப்பட்டது, அதில் நிறுத்துகிறேன் என்பவர் பொழுது விடியும்வரை நிறுத்தப்போவதில்லை.

காலம் கடந்துபோனவை

சில விஷயங்களுக்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். எல்லோரும் ஓயாமல் புகைபிடிப்பார்கள். வெளியூர்த் தொலைபேசி இணைப்புக்குக் காத்திருக்க வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் வேலை செய்யாது. கைப்பேசி இருந்தால் பாதிக் கதைகள் இரண்டாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும் என்று கேலி செய்வது எளிது. அந்தத் துண்டிப்பைக் கட்டியெழுப்ப ஆசிரியர் எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

பணத்தைக் கவனியுங்கள். "இவ்வளவு பயமாக இருக்கும் வீட்டைவிட்டு இவள் ஏன் கிளம்பவில்லை?" என்பது புதிய வாசகர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. போக இடமில்லை, கையில் காசில்லை, நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அடுத்த வேலை கிடைக்காது என்பதுதான் பெரும்பாலும் விடை. நாயகி அநாதையாக இருப்பது சோகத்துக்காக மட்டும் வைக்கப்பட்ட ஏற்பாடல்ல. அவளுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தால் கதையே கிடையாது. நல்ல நாவல்கள் இதை இரண்டு வரியில் தெளிவாகச் சொல்லிவிடும். சொல்லாமல் அவளைச் சும்மா அங்கேயே உட்காரவைக்கும் நாவலை நீங்கள் தயங்காமல் மூடிவைக்கலாம்.

உறுத்துபவையும் உண்டு. மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதும் அதட்டுவதும் ஆண்மையாகக் காட்டப்படும். இருபது வயதுப் பெண்ணும் நாற்பது வயது ஆணும் இணைவது இயல்பாகக் கருதப்படும். அந்நிய நாட்டில் நடக்கும் கதைகளில் உள்ளூர் மக்கள் சில வேளைகளில் வேலையாட்களாகவோ வில்லனின் அடியாட்களாகவோ மட்டும் வருவார்கள். காலனிய நாடுகளில் நடக்கும் கதைகளில் இது கூடுதலாகவே கண்ணில் படும். இவற்றைக் காணாததுபோல் கடந்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஜோவன்னா ரஸ் என்ற எழுத்தாளர் 1973இல் இந்த நவீன கோதிக் நாவல்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே, யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், அது என் கணவர்தான் என்று நினைக்கிறேன் என்ற பொருள்படும். கேலியோடு தொடங்கும் அந்தத் தலைப்பு, வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண் கணவனின் முகக்குறிப்புகளை ஓயாமல் படித்துக்கொண்டிருக்க நேர்ந்த காலத்தைப் பற்றிக் கூர்மையாகவே பேசுகிறது. நான்கைந்து நாவல்கள் முடித்த பிறகு அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள், அவருடைய முடிவுகளோடு நீங்கள் உடன்பட வேண்டும் என்பதில்லை.

உடல் சார்ந்த காட்சிகளை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். பல நாவல்களில் ஒரே ஒரு முத்தம், அதுவும் இருநூறாவது பக்கத்துக்குப் பிறகு.

அடுத்தடுத்த புத்தகங்கள்

முதல் நாவலில் உங்களுக்கு எது பிடித்தது என்பதைப் பொறுத்து இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இடம் பிடித்திருந்தால் ஸ்டூவர்ட்டின் கிரீட் தீவுக் கதையான 'தி மூன்-ஸ்பின்னர்ஸ்' (1962), அல்லது ஃபிலிஸ் விட்னி. யோக்கோஹாமாவில் 1903இல் பிறந்து 104 வயதுவரை வாழ்ந்த இந்த அமெரிக்க எழுத்தாளர், இஸ்தான்புல்லில் 'பிளாக் ஆம்பர்', ரோட்ஸ் தீவில் 'செவன் டியர்ஸ் ஃபார் அப்பல்லோ' என்று புத்தகத்துக்கு ஒரு களம் தேடிப் போனவர். வீடும் குடும்ப ரகசியமும் பிடித்திருந்தால் ஹோல்ட்டின் 'கிர்க்லாண்ட் ரெவல்ஸ்', நியூசிலாந்தில் பிறந்த டோரதி ஈடனின் நாவல்கள். ஆவி இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் வேண்டுமானால் பார்பரா மைக்கேல்ஸின் 'ஆமி, கம் ஹோம்' (1968). அதில் ஆவியைக் கடைசியில் யாரோ செய்த மோசடி என்று விளக்கித் தள்ளிவிடமாட்டார். உளவு வேண்டுமானால் ஹெலன் மாக்கின்னஸின் 'அபவ் சஸ்பிஷன்' (1941). அங்கே காதலர்கள் ஏற்கெனவே கணவன் மனைவி என்பதால் சந்தேகம் முழுவதும் வெளியுலகின்மேல் திரும்புகிறது.

ஒரே ஆசிரியரை மூன்று முறை தொடர்ந்து படிக்க வேண்டாம். ஹோல்ட்டின் நாயகிகள் மூன்றாவது நாவலில் ஒருவரோடொருவர் கலந்துவிடுவார்கள், பழி அவர்மேல் விழும். மாளிகை ஒன்று, பயணம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். நான்காவது இடத்தில் 'ரெபெக்கா'வை வையுங்கள். அதற்குப் பிறகு, கடைசிப் பக்கம்வரை குற்றவாளியா நிரபராதியா என்று சொல்ல மறுக்கும் 'மை கசின் ரேச்சல்' (1951). அதில் கதை சொல்பவன் ஆண், சந்தேகத்துக்குரியவள் பெண். இத்தனை நாவல்களில் நீங்கள் பழகிய பார்வை அங்கே தலைகீழாகிவிடும்.

சில பழக்கங்கள் கைவந்த பிறகு ஸ்டூவர்ட்டின் 'தி ஐவி ட்ரீ' (1961)யை எடுங்கள். வடக்கு இங்கிலாந்தின் பண்ணை வீடு ஒன்றில், காணாமற்போன வாரிசின் இடத்தில் அவளைப் போலவே தோற்றமுள்ள இன்னொரு பெண்ணை நடிக்கவைக்கும் திட்டத்தோடு கதை தொடங்குகிறது. இதை மட்டும் முடித்தவுடன் அலமாரியில் வைத்துவிடாமல், அன்றைக்கே முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, கதைசொல்லி பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் பென்சிலோடு மறுபடி படியுங்கள். அவள் என்ன சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள், நாமாகவே எதை இட்டு நிரப்பிக்கொண்டோம் என்பதைப் பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால், நேர்மையாக எழுதிய பக்கத்திலேயே ஆசிரியர் நம்மை எப்படி ஏமாற்றினார் என்பது வரிவரியாகத் தெரியவரும்.